வக்கீலாகவே போரிட்ட பெஞ்சமின் பட்லர்

கேள்வி இது: "அமெரிக்க உள்நாட்டுப் போரில் 'மிருகம்' என்று பெயர் வாங்கிய பெஞ்சமின் பட்லர் உண்மையில் எப்படிப்பட்டவர்? வக்கீல், தளபதி, அரசியல்வாதி என்று மூன்று வேடம் கட்டியவர் எதில் தேறினார்?"

வக்கீல் தொழிலில்தான். போர்க்களத்தில் அவர் தொட்டதெல்லாம் பெரும்பாலும் தோல்வி. அரசியலில் கட்சி மாறி மாறி எல்லாரிடமும் பகையைச் சம்பாதித்தார். ஆனால் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்த இடத்திலெல்லாம் எதிரி திகைத்து நின்றான். சீருடையில் இருந்தபோது செய்த மிகப் பெரிய காரியமும் ஒரு வக்கீலின் வாதம்தான். அமெரிக்க அடிமை முறையின் சுவரில் போர்க்காலத்தில் விழுந்த முதல் விரிசல் அது என்பது என் உறுதியான கருத்து. அதனால் பிறப்பு வளர்ப்பைப் பிறகு பார்ப்போம், அந்த வாதத்திலிருந்து தொடங்குகிறேன்.

1861 மே மாதம். வர்ஜீனியா கடற்கரையில் மன்ரோ கோட்டை. சுற்றிலும் பிரிவினை வாதிகளின் கை ஓங்கியிருக்க, அந்தக் கோட்டை மட்டும் ஒன்றிய அரசின், அதாவது லிங்கன் தலைமையிலான வடதரப்பின், வசம் இருந்தது. பட்லர் அங்கே தளபதியாக வந்து சேர்ந்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. ஒன்றியத்திலிருந்து பிரிவதை வர்ஜீனியா வாக்காளர்கள் மே 23 அன்று உறுதி செய்தார்கள். அன்று இரவே ஒரு சிறு படகில் மூன்று பேர் துடுப்புப் போட்டு நீரைக் கடந்து கோட்டைக் காவலர்களிடம் வந்து நின்றார்கள். ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட். மூவரும் சார்லஸ் மல்லோரி என்ற தென்தரப்புக் கர்னலின் அடிமைகள். எதிர்க்கரையில், ஸ்யூவல்ஸ் முனையில், பீரங்கி மேடை கட்டும் வேலைக்கு அவர்களை ஈடுபடுத்தியிருந்தார்கள். அடுத்து தூரத்துக் கரோலினாவுக்கு அனுப்பப்போகிறார்கள் என்பது தெரிந்ததும், மனைவி மக்களைப் பிரிந்து போக மனமில்லாமல் உயிரைப் பணயம் வைத்து வந்துவிட்டார்கள்.

அவர்கள் எடுத்த துணிச்சல் எவ்வளவு பெரியது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தப்பியோடிய அடிமையைப் பிடித்து எசமானனிடம் ஒப்படைப்பது 1850ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்க அரசின் கடமை. போர் தொடங்கிவிட்டாலும் அந்தச் சட்டம் ரத்தாகவில்லை. மாநிலங்களில் உள்ள அடிமை முறையில் கை வைக்க மாட்டேன் என்று லிங்கன் தன் பதவியேற்பு உரையிலேயே சொல்லியிருந்தார். வடதரப்புத் தளபதிகள் சிலர் தப்பி வந்தவர்களைத் திருப்பி அனுப்பவும் செய்தார்கள். பட்லரும் அதற்கு ஒரு மாதம் முன்புதான் மேரிலாந்து ஆளுநருக்கு, அடிமைகள் கலகம் செய்தால் அதை அடக்க என் படையைத் தருகிறேன் என்று எழுதியிருந்தார். அப்படிப்பட்டவரிடம் போய் நின்றார்கள் இந்த மூவரும்.

பட்லர் அவர்களைத் தனித்தனியாக விசாரித்தார். எங்கே வேலை, என்ன கட்டுகிறார்கள், எத்தனை பீரங்கி என்று கேட்டார். சாட்சியைக் கூண்டில் நிறுத்திக் கேட்பவரின் கேள்விகள் அவை. கிடைத்த பதிலில் அவருக்கு வேண்டியது இருந்தது: இவர்களின் உழைப்பு நேரடியாக எதிரியின் கோட்டை வேலைக்குப் போகிறது.

மறுநாள் வெள்ளைக் கொடியோடு மேஜர் ஜான் கேரி வந்தார். கர்னல் மல்லோரியின் சார்பில் வருகிறேன், அவருடைய மூன்று அடிமைகளைத் திருப்பித் தாருங்கள் என்றார். தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி அதைச் செய்யும் அரசியலமைப்புக் கடமை உங்களுக்கு உண்டே என்று கேட்டார். பட்லர் சொன்ன பதிலின் சாரம்: வர்ஜீனியா தன்னை வேற்று நாடு என்று அறிவித்துவிட்டது. வேற்று நாட்டுக்கு அமெரிக்கச் சட்டத்தின்படி நான் செய்ய வேண்டிய கடமை எதுவும் இல்லை. பிரிந்து போக உங்களுக்கு உரிமையில்லை என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள் என்று கேரி மடக்கப் பார்த்தார். அதற்கும் பதில் தயாராக இருந்தது: பிரிந்துவிட்டோம் என்று சொல்வது நீங்கள், ஆகவே உங்கள் சொல்லையே பிடித்துக்கொள்கிறேன். எதிரியின் போர் வேலைக்குப் பயன்படும் சொத்து எதுவானாலும் அதைக் கைப்பற்றப் போர்ச் சட்டம் இடம் தருகிறது. இந்த மூவரும் சொத்து என்று உங்கள் சட்டம் சொல்கிறது. எனவே இவர்கள் போர்த் தடைப்பொருள், என் வசம் இருக்கிறார்கள். மல்லோரி நேரில் வந்து அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டால் திருப்பித் தருகிறேன்.

இந்த வாதத்தின் கூர்மையை விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். அடிமை முறை தவறு என்று பட்லர் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் வடக்கிலேயே பாதிப் பேர் அவரை எதிர்த்திருப்பார்கள். அடிமை முறை இருந்தும் ஒன்றியத்தோடு நின்ற கென்டக்கி, மேரிலாந்து, மிசூரி மாநிலங்கள் கொதித்திருக்கும். லிங்கன் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றிருப்பார். அந்த ஆகஸ்டில் மிசூரியில் தளபதி ஃபிரீமாண்ட் அடிமைகளுக்கு விடுதலை என்று வெளிப்படையாக அறிவித்தபோது லிங்கன் அதை ரத்து செய்யத்தான் செய்தார். பட்லர் எடுத்தது எதிர்த்தரப்பின் ஆயுதத்தையே. மனிதன் சொத்து என்று முப்பாட்டன் காலத்திலிருந்து சொல்லி வந்தவர்களிடம், சரி, சொத்துதான், பறிமுதல் செய்கிறேன் என்றார். எதிர்வாதம் செய்ய வேண்டுமானால் அவர்கள் மனிதர்கள் என்று கேரி சொல்ல வேண்டும். அவரால் முடியாது.

செய்தி அடிமைக் குடிசைகளில் பரவிய வேகம் வியப்பூட்டுவது. இரண்டொரு நாளில் டஜன் கணக்கில் வந்தார்கள். ஆண்கள் மட்டுமில்லை, கைக்குழந்தையோடு பெண்கள், தள்ளாத கிழவர்கள். மே 27ஆம் தேதியே தன் வசம் இருப்பவர்களின் 'மதிப்பு' 60,000 டாலர் என்று பட்லர் மேலிடத்துக்கு எழுதினார். ஜூலை இறுதியில் 900 பேர். அப்போது போர்த்துறைச் செயலர் கேமரனுக்கு அவர் எழுதிய கடிதத்தை வாசித்தால் மனிதர் மாறிக்கொண்டிருப்பது தெரியும். உடல் உழைப்புக்கு ஏற்ற ஆண்கள் 300, வேலை செய்ய முடியாத முதியவர் 30, பெண்கள் 175, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 225, பத்துக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்டவர் 170 என்று கணக்குக் கொடுத்துவிட்டு, அடுக்கடுக்காகக் கேள்வி எழுப்புகிறார். ஆண்களைப் போர்த் தடைப்பொருள் என்று சொல்லிவிட்டேன். இந்தக் குழந்தைகளை என்ன சொல்ல? எசமானர்கள் விட்டுவிட்டு ஓடிய பிறகும் இவர்கள் சொத்துதானா? சொத்துடைமை போய்விட்டதென்றால் மிஞ்சியிருப்பது மனிதர்கள் இல்லையா? தான் கட்டிய வாதத்தைத் தானே தாண்டி, நேர் முடிவுக்கு அரசைத் தள்ளினார்.

1861 ஆகஸ்ட் 6இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முதலாவது பறிமுதல் சட்டத்தை நிறைவேற்றியது. எதிரியின் போர் வேலைக்குப் பயன்படுத்தப்பட்ட அடிமைகள் மீது எசமானனுக்கு உரிமை இல்லை என்றது அது. பட்லரின் வாதத்துக்குச் சட்ட வடிவம். அடுத்த ஆண்டு இன்னும் கடுமையான சட்டம், 1863 ஜனவரியில் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம். போர் முடிவதற்குள் லட்சக்கணக்கானவர்கள் இப்படி ஒன்றியப் படையின் எல்லைக்குள் வந்து சேர்ந்தார்கள். மன்ரோ கோட்டை இருக்கும் நிலமுனையில்தான் 1619இல் ஆப்பிரிக்கர்கள் முதன்முதலாக ஆங்கிலேய வர்ஜீனியாவில் இறக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2011இல் ஒபாமா அந்த இடத்தைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார்.

எல்லாப் பெருமையையும் பட்லருக்கே கொடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வழக்கை அவர் கண்டுபிடிக்கவில்லை. அதை உயிரைக் கொடுத்துத் தொடுத்தவர்கள் படகில் வந்த மூவர். திறமையான வக்கீல் கிடைத்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

இனி அந்த வக்கீல் உருவான கதை. 1818 நவம்பர் 5இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து டியர்ஃபீல்டில் பிறந்தார். தந்தை கடலோடி, மகன் பிறந்த சில மாதத்தில் மேற்கிந்தியத் தீவுகளில் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும். தாய் ஷார்லட் பிள்ளைகளோடு மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரத்துக்கு வந்து, பஞ்சாலையில் வேலை செய்யும் இளம்பெண்கள் தங்கும் விடுதியை நடத்திப் பிழைத்தார். லோவெல் அன்று அமெரிக்காவின் பெரிய ஆலை நகரம். விடிவதற்கு முன் மணியடித்து இருட்டிய பிறகு விடும் வாழ்க்கையைச் சாப்பாட்டு மேசையில் கேட்டுக் கேட்டு வளர்ந்தார் சிறுவன் பட்லர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்கு ஆசைப்பட்டார், இடம் கிடைக்கவில்லை. அந்தக் கல்லூரியில் படித்த தளபதிகள் மீது அவருக்குக் கடைசிவரை இருந்த காழ்ப்புக்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மெய்ன் மாநிலத்து வாட்டர்வில் கல்லூரியில் 1838இல் பட்டம், 1840இல் வக்கீல்.

தோற்றம் எடுப்பாக இருக்காது. குட்டை உருவம், கனத்த உடம்பு, சீக்கிரமே விழுந்த வழுக்கை, ஒரு கண் மாறுகண். ஆனால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புக்கு அவர் பேர் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். ஓர் ஆலைப் பெண்ணின் கூலிபாக்கிக்காக, ஆலையையே ஓட்டும் நீர்ச்சக்கரத்தை ஜப்தி செய்யக் கிளம்பினார் என்றும், உடனே கூலி கைக்கு வந்தது என்றும் ஒரு கதை உண்டு. அவர் வாயாலேயே பரவிய கதை, ஆகவே கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். இருந்தாலும் அவருடைய பாணி அதுதான். பத்து மணி நேர வேலைநாள் வேண்டும் என்று 1850களின் தொடக்கத்தில் அவர் கிளம்பியபோது, பட்லரின் வேட்பாளர் பட்டியலுக்கு வாக்களிப்பவருக்கு வேலை போகும் என்று ஓர் ஆலையில் அறிவிப்பே ஒட்டினார்கள்.

தொழிலாளிக்காகப் பேசியவர் அடிமைக்காகப் பேசவில்லை என்பது அவர் முன்பாதி வாழ்க்கையின் பெரிய கறை. ஜனநாயகக் கட்சியில் தென்மாநிலத்தாரோடு அவ்வளவு நெருக்கம். 1860இல் சார்ல்ஸ்டன் நகரில் கட்சியின் மாநாடு நடந்தபோது, ஜனாதிபதி வேட்பாளராக ஜெஃபர்சன் டேவிஸ் வரவேண்டும் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட சுற்றுகளில் விடாமல் வாக்களித்தார். பிரிந்த தென்மாநிலங்களுக்கு ஜனாதிபதியான அதே டேவிஸ், இரண்டே ஆண்டில் பட்லரைப் பிடித்தால் தூக்கில் போடுங்கள் என்று பிரகடனம் வெளியிட்டார்.

போர் வெடித்ததும் மாநிலப் படையின் பிரிகேடியர் என்ற முறையில் கிளம்பினார். 1861 ஏப்ரல் 19 அன்று பால்டிமோர் நகரக் கும்பல் மாசசூசெட்ஸ் படையைத் தாக்கியது. தலைநகர் வாஷிங்டனுக்குப் போகும் ரயில் வழி அடைபட்டது. பட்லர் ஒரு படகைக் கைப்பற்றி அன்னபோலிஸ் வழியாகப் போய், பெயர்ந்த தண்டவாளத்தைத் தன் வீரர்களை வைத்தே செப்பனிட்டுத் தலைநகருக்கு வழி திறந்தார். பிறகு மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் பால்டிமோரையே பிடித்துக்கொண்டார். தலைமைத் தளபதி ஸ்காட் கோபத்தில் கண்டித்தார். லிங்கனோ மேஜர் ஜெனரலாக்கி மன்ரோ கோட்டைக்கு அனுப்பினார்.

'மிருகம்' என்ற பட்டம் கிடைத்தது நியூ ஆர்லியன்ஸில். கடற்படையின் ஃபாரகட் நகரத்தைப் பணிய வைத்தார். 1862 மே முதல் தேதி பட்லர் தன் படையோடு இறங்கினார். ஒன்றரை லட்சத்துக்கு மேல் மக்கள் வசித்த நகரம், தெற்கிலேயே பெரியது. அங்கே வசதியான வீட்டுப் பெண்கள் ஒன்றியச் சிப்பாய்களைக் கண்டால் காறித் துப்புவார்கள், வசை பாடுவார்கள். மாடியிலிருந்து மலச்சட்டியை ஃபாரகட் தலையிலேயே ஒருத்தி கவிழ்த்ததாகச் சொல்வார்கள். சிப்பாய் திருப்பி அடித்தால் கலவரம் மூளும். பொறுத்துக்கொண்டே போனால் படையின் மானம் போகும். மே 15 அன்று பட்லர் 28ஆம் எண் உத்தரவைப் போட்டார். எந்தப் பெண்ணாவது ஒன்றியப் படையினரைச் சொல்லாலோ சைகையாலோ அவமதித்தால் அவளைத் தெருவில் தொழில் செய்யும் பெண்ணாகவே கருதி நடத்தலாம்.

உலகமே கொந்தளித்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பிரதமர் பாமர்ஸ்டன் கண்டித்தார். பெண்களை மானபங்கம் செய்யச் சிப்பாய்களுக்குக் கொடுத்த உரிமம் என்று தென்மாநிலப் பத்திரிகைகள் எழுதின. பட்லரோ, அப்படிப்பட்ட பெண்ணைக் கண்டால் கண்ணியமானவன் திரும்பிப் பாராமல் போவான், அவ்வளவுதான் பொருள் என்று விளக்கினார். அவமதிப்புகள் அநேகமாக நின்றன, உத்தரவைச் சாக்காக வைத்து வன்முறை நடந்ததாகப் பதிவில்லை. இருந்தாலும் அந்த விளக்கத்தை நான் முழுதாக ஏற்க மாட்டேன். வேண்டுமென்றே இரண்டு பொருள்பட எழுதி, பயத்தை ஒரு பொருளிலும் பாதுகாப்பை இன்னொரு பொருளிலும் வைத்தார். வக்கீல் மூளை அங்கே அசிங்கமான வேலை பார்த்தது. நகரத்துப் பெண்கள் பழிவாங்கிய விதமும் சுவையானது: உள்ளே அடியில் பட்லர் படம் அச்சிட்ட மலச்சட்டிகள் விற்றன.

அவர் கடுமைக்கு இன்னும் இரண்டு உதாரணம். படை இறங்குவதற்கு முன் அமெரிக்கக் கொடியை நாணயச் சாலையின் மேலிருந்து இறக்கிக் கிழித்த வில்லியம் மம்ஃபோர்டு என்பவரை ஜூன் 7 அன்று அதே கட்டடத்தின் முன் தூக்கிலிட்டார். ஒன்றிய அதிகாரி ஒருவரின் சவ ஊர்வலம் போகும்போது மாடியிலிருந்து சிரித்தார் என்று யூஜீனியா ஃபிலிப்ஸ் என்ற பெண்மணியைப் பிடித்து, மெக்சிகோ வளைகுடாவில் மணலும் கொசுவுமாகக் கிடந்த ஷிப் தீவில் அடைத்தார். யூதர்களைப் பற்றி அவர் கடிதங்களில் எழுதிய இழிசொற்களும் இந்தக் காலத்தவையே. இவற்றுக்கு வக்காலத்து வாங்க முடியாது. பின்னாளில் மம்ஃபோர்டின் விதவை வறுமையில் வாடுகிறார் என்று தெரிந்ததும் கடனை அடைக்க உதவி, வாஷிங்டனில் அரசு வேலையும் வாங்கிக் கொடுத்தவர் இதே பட்லர்.

அதே நகரத்தின் ஏழைகளைக் கேட்டால் வேறு கதை சொல்லியிருப்பார்கள். பட்லர் வந்தபோது ஊரில் பஞ்சம். தென்தரப்புப் போர் நிதிக்கு 12.5 லட்சம் டாலர் அள்ளிக் கொடுத்த பணக்காரர்களின் பட்டியலை எடுத்தார். கொடுத்த தொகைக்கு ஏற்ப ஆளுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, அந்தப் பணத்தில் ஏழைகளுக்குச் சோறும் வேலையும் கொடுத்தார். என்ன வேலை? சாக்கடை வாருவது, தெருவைக் கழுவுவது, சந்தைக் குப்பையை அகற்றுவது. அந்த ஊரை ஆண்டுதோறும் மிரட்டியது மஞ்சள் காய்ச்சல். 1853இல் மட்டும் ஏறக்குறைய எட்டாயிரம் பேர் மாண்டார்கள். இந்தக் கோடையில் வடக்கத்திச் சிப்பாய்களைக் காய்ச்சல் தின்றுவிடும் என்று ஊர்க்காரர்கள் காத்திருந்தார்கள். கொசுவால் பரவுகிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது. பட்லருக்கும் தெரியாது, ஆனால் தந்தையைக் கொண்டுபோன நோய் அது. ஊரைச் சுத்தம் செய்தார், வரும் கப்பல்களை நகரத்துக்குக் கீழே ஆற்றில் நிறுத்தி நாள்கணக்கில் ஒதுக்கி வைத்தார். அந்தக் கோடையில் நகரத்தில் காய்ச்சலுக்குப் பலியானவர் இரண்டே பேர் என்கிறார்கள்.

கறுப்பினத்தவருக்கு ஆயுதம் கொடுக்கும் விஷயத்திலும் மெல்லத்தான் மாறினார். அவருக்குக் கீழிருந்த தளபதி ஜான் ஃபெல்ப்ஸ், அடிமைகளை வீரர்களாக்க வேண்டும் என்று துப்பாக்கி கேட்டபோது, மரம் வெட்டக் கோடாலி தருகிறேன் என்று பட்லர் மறுத்தார். ஃபெல்ப்ஸ் பதவி விலகினார். சில வாரத்திலேயே ஆள்பற்றாக்குறை கழுத்தை நெரிக்க, நகரத்தில் ஏற்கெனவே இருந்த சுதந்திரக் கறுப்பினத்தவரின் படைப்பிரிவை அழைத்தார். 1862 செப்டம்பர் 27 அன்று அது அதிகாரபூர்வமாக ஒன்றியப் படையில் சேர்ந்தது. கறுப்பினத்தவரே கேப்டன், லெஃப்டினன்ட் பதவிகளில் இருந்தார்கள். அவர்களில் ஆந்த்ரே கையூ என்ற கேப்டன் அடுத்த ஆண்டு மே மாதம் போர்ட் ஹட்சன் தாக்குதலில் தன் வீரர்களுக்கு முன்னே போய் உயிர் விட்டார். பட்லரை அதற்குள், 1862 டிசம்பரிலேயே, திரும்ப அழைத்துவிட்டார்கள். அயல்நாட்டுத் தூதர்களோடு ஓயாத தகராறு, வணிகத்தில் முறைகேடு என்ற புகார்கள் காரணம்.

களத் தளபதியாக அவர் கதையைச் சுருக்கமாக முடிக்கலாம். 1861இல் பிக் பெத்தல் என்ற இடத்தில் தோல்வி. 1864இல் ஜேம்ஸ் ஆற்றுப் படைக்குத் தலைமை ஏற்றுத் தென்தரப்பின் தலைநகர் ரிச்மண்ட் நோக்கிப் போனவர், இரண்டு ஆறுகளுக்கு நடுவில் பெர்முடா ஹண்ட்ரட் என்ற முனையில் எதிரியால் அடைத்து வைக்கப்பட்டார். அந்த டிசம்பரில் வட கரோலினாக் கடற்கரையில் இருந்த ஃபிஷர் கோட்டையைத் தகர்க்கிறேன் என்று ஒரு கப்பல் நிறைய வெடிமருந்தை அடுக்கி வெடித்தார்; கோட்டைக்கு ஒரு கீறல் இல்லை. 1865 ஜனவரியில் ஒன்றியப் படைகளின் தலைமைத் தளபதி கிராண்ட் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். சில நாளில் இன்னொரு தளபதி அதே கோட்டையைப் பிடித்தார்.

இந்தத் தோல்விகளுக்கு நடுவே 1864 செப்டம்பர் 29ஐத் தாண்டிப் போக முடியாது. கறுப்பினத்தவர் களத்தில் நிற்பார்களா என்று வடக்கிலேயே பலர் ஐயப்பட்டுக்கொண்டிருந்த நேரம். நியூ மார்க்கெட் ஹைட்ஸ் என்ற மேட்டைப் பிடிக்கும் பொறுப்பைப் பட்லர் அவர்களுக்கே கொடுத்தார். விடியலில் சதுப்பு நிலத்தைத் தாண்டி, வெட்டிப் போட்ட மரத்தடுப்புகளில் சிக்கிச் சிக்கிக் குண்டடி பட்டு விழுந்தும் மேட்டை ஏறிப் பிடித்தார்கள். அன்றைய வீரத்துக்காக 14 கறுப்பின வீரர்களுக்கு நாட்டின் மிக உயர்ந்த ராணுவப் பதக்கம் கிடைத்தது. அது போதாது என்று பட்லர் தன் சொந்தச் செலவில் வெள்ளிப் பதக்கம் அடித்து 200 பேர் அளவுக்கு வழங்கினார். வாளால் இவர்களுக்கு விடுதலை வரும் என்ற பொருளில் லத்தீன் வாசகம் அதில் பொறித்திருக்கும். பத்தாண்டு கழித்துக் காங்கிரசில் பேசும்போது, அன்று காலை அந்தப் பிணங்களுக்கு நடுவே குதிரையின் குளம்பு பட்டுவிடாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனதையும், இவர்கள் இனத்தின் உரிமையைக் காப்பேன் என்று அங்கே சபதம் செய்ததையும் சொன்னார். அரசியல்வாதியின் பேச்சு என்று இதை ஒதுக்க மாட்டேன். அதற்குப் பிறகு அவர் நடந்துகொண்ட விதம் அந்தச் சொல்லோடு பொருந்துகிறது.

1866 தேர்தலில் குடியரசுக் கட்சிக்காரராக வென்று காங்கிரசுக்குப் போனார். 1868இல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் மீது நடந்த பதவிநீக்க விசாரணையில் குற்றச்சாட்டுத் தரப்பின் தொடக்க உரை அவருடையது. சாதாரணக் குதிரை வழக்கை நடத்துவதுபோல நடத்தினேன் என்று பின்னாளில் அவரே தன் சுயசரிதையில் எழுதினார். ஒரே வாக்கில் ஜான்சன் தப்பினார். செனட் உறுப்பினர்களை நீதிபதிகளாகப் பார்க்கத் தெரியாமல் ஜூரியாகப் பார்த்தது பட்லரின் தவறு என்பது என் எண்ணம்.

கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் தெற்கில் கறுப்பினத்தவரையும் அவர்களுக்கு உதவிய வெள்ளையரையும் இரவில் வீடு புகுந்து சவுக்கால் அடித்தும் கொன்றும் வந்த காலம். மிசிசிப்பியில் கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகளை மேற்பார்த்த ஆலன் ஹக்கின்ஸ் என்ற அதிகாரியை 1871 மார்ச்சில் அப்படி அடித்தார்கள். பட்லர் அவர் கதையைச் சபையில் விவரித்தார். ஹக்கின்சின் ரத்தச் சட்டையைச் சபையில் ஆட்டிக் காட்டினார் என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. அடிபட்டவனைப் பேசாமல் சட்டையைப் பேசியது, பேச்சைத் திசைதிருப்ப அவர் எதிரிகளுக்கு நல்ல தந்திரமாக இருந்தது. கிளானை ஒடுக்கும் மசோதாவை முதலில் எழுதியவர் பட்லர். அதைத் திருத்தி சாமுவேல் ஷெல்லபார்கர் கொண்டுவந்த வடிவம் 1871 ஏப்ரல் 20இல் சட்டமானது. அதன் முதல் பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது: மாநில அதிகாரி ஒருவர் உங்கள் அரசியலமைப்பு உரிமையைப் பறித்தால் நீங்கள் அவர் மீது ஒன்றிய நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். போலீஸ் அத்துமீறலுக்கு எதிராக அமெரிக்காவில் இன்று தொடுக்கும் வழக்குகளில் பெரும்பாலானவை இந்தப் பிரிவில் வருபவை.

அதே ஆண்டு ஜனவரியில் பெண்ணுரிமைப் போராளி விக்டோரியா வுட்ஹல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நீதித்துறைக் குழு முன் வாதாட வழி செய்தவரும், குழு மறுத்தபோது பெண்களுக்கு ஆதரவாகச் சிறுபான்மை அறிக்கையில் கையெழுத்திட்ட இருவரில் ஒருவரும் அவர்தான். செனட்டர் சம்னர் 1874இல் இறந்தபின் அவர் விட்டுப்போன குடிமை உரிமை மசோதாவைப் பிரதிநிதிகள் சபையில் தூக்கிச் சுமந்தார். அந்த நவம்பர் தேர்தலில் தோற்றும், பதவிக்காலம் முடிவதற்குள் அதை நிறைவேற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். விடுதி, ரயில், நாடக அரங்கில் நிற வேற்றுமை கூடாது என்றது 1875 சட்டம்; பள்ளிகளைப் பற்றிய பகுதியை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. 1883இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளியது. அதே உரிமை மறுபடி சட்டமாக 1964 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பிறகு மறுபடி ஜனநாயகக் கட்சி. 1883இல் ஓராண்டு மாசசூசெட்ஸ் ஆளுநர். மாநிலத்தின் முதல் கறுப்பின நீதிபதியாக ஜார்ஜ் ரஃபினை நியமித்தார். பெண்கள் சிறைக்கு, போர்க்களச் செவிலியாகப் பேர் வாங்கிய கிளாரா பார்ட்டனைத் தலைவியாக்கினார். டூக்ஸ்பரி ஏழையர் விடுதியில் இறந்த ஏழைகளின் உடல்கள் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போன விவகாரத்தைக் கிளறினார். ஆளுநருக்கு வழக்கமாகக் கொடுக்கும் கௌரவப் பட்டத்தை ஹார்வர்டு அவருக்குக் கொடுக்க மறுத்தது. 1884இல் சிறு கட்சிகளின் சார்பில் ஜனாதிபதி தேர்தலில் நின்று ஏறக்குறைய 1,75,000 வாக்கு வாங்கினார்.

திருடரா என்ற கேள்வி மிஞ்சியிருக்கிறது. 'கரண்டி' பட்லர் என்ற இன்னொரு பட்டப்பெயர், நியூ ஆர்லியன்ஸ் வீடுகளில் வெள்ளிக் கரண்டி திருடினார் என்ற குற்றச்சாட்டிலிருந்து வந்தது. கரண்டிக் கதையை யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ அதே நகரத்தில் அதே மாதங்களில் பருத்தி, சர்க்கரை வியாபாரத்தில் பெரும் பணம் பார்த்தார். ராணுவ ஆளுநரின் அண்ணன் என்ற தகுதி இல்லாமல் அது நடந்திருக்காது. பட்லர் கைநீட்டி வாங்கினார் என்பதற்கு அத்தாட்சி இல்லை. கண்ணை மூடிக்கொண்டார் என்பதற்கு அவர் மௌனமே போதும். எதிரியின் சாட்சிகளை இழை இழையாகப் பிரித்துக் கேட்கத் தெரிந்தவர், அண்ணனை மட்டும் கேட்கவில்லை.

தொழிலை அவர் விடவே இல்லை. 1893 ஜனவரியில், 74ஆவது வயதில், வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கில் வாதாடினார். அடுத்த சில நாளில், ஜனவரி 11 அன்று, இறந்துவிட்டார். லோவெலில், மனைவி வீட்டாரின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.